கேட்ட கேள்விக்குப் பதில்: நிறுவனங்களும் செய்தி ஊடகமும்

2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினிக்குள் கெடுமென்பொருள் புகுந்துவிட்டதாக ஒரு தகவல் சமூக ஊடகங்களில் பரவியது. அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்தின் சார்பில் செய்திக்குறிப்பு வந்தது. பரவுவது பொய்த் தகவல். அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, இணையத்தோடு தொடர்பில்லாதவை. அவற்றின் மீது இணையவழித் தாக்குதல் நடக்க வாய்ப்பே இல்லை என்றது அந்தக் குறிப்பு. மறுநாளே தாய் நிறுவனமான இந்திய அணுமின் கழகம் இன்னொரு குறிப்பை வெளியிட்டது. கெடுமென்பொருள் இருந்தது உண்மைதான். செப்டம்பர் 4-ஆம் தேதியே அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அதைத் தெரிவித்திருந்தது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கணினியில்தான் அது இருந்தது. ஆலையின் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்றது இரண்டாவது குறிப்பு.

இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஓர் உண்மை தெரியும். முதல் குறிப்பு கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது நிர்வாகக் கணினியைப் பற்றிப் பேசுகிறது. வழக்குமன்றத்தில் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்று வாதாடிவிடலாம். ஆனால் நிலையத்தின் சுற்றுவட்டாரமான ராதாபுரத்திலும் இடிந்தகரையிலும் இருந்தவர்கள் கேட்ட கேள்வி, "உள்ளே ஏதாவது நுழைந்ததா?" என்பதுதான். அதற்கு முதல் நாள் "இல்லை" என்ற தொனியில் பதில் வந்தது, அடுத்த நாள் "ஆமாம்" என்று வந்தது. இரண்டாவது குறிப்பில் இருந்தவை நியாயமான, நிம்மதி தரக்கூடிய செய்திகள். அவற்றை முதல் நாளே சொல்லியிருந்தால் கதை ஒரு நாளில் அடங்கியிருக்கும். ஏற்கெனவே நம்பிக்கை குறைந்திருந்த ஓர் ஊரில், ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் வந்த அந்த மாற்றம், அதன்பிறகு வரும் எல்லாக் குறிப்புகளையும் சந்தேகத்தோடு படிக்க வைக்கிறது.

செய்தி ஊடகத்தோடு ஒரு நிறுவனம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஏராளமான அறிவுரைகள் உண்டு. எப்படி உட்கார வேண்டும், எந்த நிறச் சட்டை போட வேண்டும், சங்கடமான கேள்வி வந்தால் பேச்சை எப்படி வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளே நடக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி, தன்னிடம் தயாராக இருக்கும் பதிலை எப்படியாவது சொல்லிவிடுவதற்கான பயிற்சி. நடந்த சம்பவங்களை எடுத்து வைத்துப் பார்த்தால், நிறுவனங்கள் விழுந்ததும் எழுந்ததும் வேறு ஒரு விஷயத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மக்கள் கேட்கும் கேள்வி எது என்று அவர்கள் கவனித்தார்களா? அதற்குத் தெரிந்தவரை நேராகப் பதில் சொன்னார்களா?

இந்தத் தொழிலின் தொடக்கத்திலேயே இரண்டு வழிகளும் ஒரே மனிதரிடம் இருந்தன. அமெரிக்காவின் ஐவி லீ நாளிதழ் நிருபராக இருந்து இந்தப் பணிக்கு வந்தவர். 1906-ல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை பார்த்தபோது, தாம் கொடுக்கும் செய்திகள் ரகசியமாக இருக்காது, விளம்பரமாக இருக்காது, துல்லியமாக இருக்கும், எதையும் நிருபர்கள் சரிபார்க்க உதவுவோம் என்று ஒரு கொள்கை அறிக்கையைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அதே ஆண்டு அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்தை மூடிமறைப்பதுதான் அதுவரை ரயில் கம்பெனிகளின் வழக்கம். பென்சில்வேனியா ரயில்வே லீயின் யோசனைப்படி தகவல்களைத் தானே எழுதிக் கொடுத்தது, நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துச் சென்றது. உலகின் முதல் பத்திரிகைக் குறிப்பு என்று பலரும் சொல்வது அதைத்தான். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது.

எட்டு ஆண்டுகள் கழித்து 1914-ல், கொலராடோவின் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடார முகாம் தாக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். ராக்ஃபெல்லர் குடும்பம் லீயை அமர்த்தியது. அவர் வெளியிட்ட துண்டறிக்கைகளில் தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளம் பல மடங்கு பெரிதாக்கப்பட்டிருந்தது. முதலாளிகள் கொடுத்த கணக்கை அவர் சரிபார்க்கவில்லை. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருடைய பெயரோடு விஷத்தைச் சேர்த்துச் சூட்டிய பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. "சரிபார்க்க உதவுவோம்" என்று எழுதியவரே சரிபார்க்காமல் அச்சிட்டார் என்பதுதான் இதில் வேதனையானது. இன்று மக்கள் தொடர்புப் பணியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த ஆபத்து தினமும் வருகிறது. மேலிருந்து ஒரு தாள் வரும், அதை அப்படியே வெளியே அனுப்பச் சொல்வார்கள். அனுப்புவதற்கு முன், "இந்த எண் எங்கிருந்து வந்தது, யார் எண்ணியது?" என்று உள்ளேயே கேட்பவர்தான் நல்ல பி.ஆர்.ஓ.

தமிழ்த் திரையுலகம் இதற்கு ஒரு நல்ல முன்னோடியைக் கொடுத்திருக்கிறது. 1958-ல் வெளிவந்த 'நாடோடி மன்ன'னில் தொடங்கி, தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று அறியப்பட்டவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். படங்கள் வெளிவந்த தேதி, நடிகர்கள், இசையமைப்பாளர், தயாரித்த நிறுவனம் என்று ஒவ்வொன்றையும் பல பத்தாண்டுகள் சேகரித்து வைத்திருந்தார். எந்தப் பத்திரிகையாளருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரைக் கேட்டார்கள். தன் படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவராக இருந்திருந்தால் அவரை யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள். மற்றவர் படத்தின் தகவலையும் சரியாகச் சொன்னதால்தான், தன் படத்தைப் பற்றிச் சொன்னபோது நம்பினார்கள். இன்றைய மருத்துவமனையோ, கல்லூரியோ, ஆலையோ இதைப் பின்பற்ற முடியும். டெங்கு பற்றிச் செய்தி எழுதும் நிருபருக்குத் தங்கள் மருத்துவமனையின் பெயர் வராவிட்டாலும் விளக்கம் சொல்லும் மருத்துவர், பத்து மாதம் கழித்து அதே மருத்துவமனையில் ஒரு சிக்கல் வரும்போது அந்த நிருபரிடம் பேசத் தகுதி பெற்றவர். ஆபத்து வந்த அன்று முதல்முறையாகத் தொலைபேசியை எடுப்பவருக்கு அந்தத் தகுதி கிடையாது.

அன்றாட வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பின் முதல் பத்தியிலேயே என்ன, எங்கே, எப்போது, யார் என்பது இருக்க வேண்டும். தலைவருக்கு நன்றி, துணைத் தலைவருக்கு வாழ்த்து என்று தொடங்கும் குறிப்பு டெஸ்கில் படிக்கப்படாமலே போகும். பெயர்களுக்கு முன்னெழுத்து வேண்டும், ஊர்ப் பெயரோடு வட்டமும் மாவட்டமும் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியதை இயந்திரம் மொழிபெயர்த்த தமிழில் அனுப்புவதைவிட அனுப்பாமல் இருப்பது மேல். உதவி ஆசிரியர் ஒருவர் அவசரத்தில் அதைத் திருத்தும்போது பொருள் மாறிவிடும், பிழை உங்கள் பெயரில் நிற்கும். மாவட்டப் பதிப்புகள் தலைமைப் பதிப்புக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். கீழே ஒரு தொலைபேசி எண் இருந்தால் போதாது, அதை எடுத்துப் பதில் சொல்ல விஷயம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். இதில் பலர் தவறுவது கடைசி விஷயத்தில்தான்.

பகுதிநேர நிருபரை அலட்சியப்படுத்தும் பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து வரும் ஆங்கில நாளிதழ்க்காரருக்குத் தனி அறை, தனிப் பேட்டி. தாலுகா நிருபருக்கு வாசலில் காவலாளியின் பதில். ஆனால் ஆலையில் விபத்து நடந்தால் முதலில் வருபவர் அந்தத் தாலுகா நிருபர்தான். மாநிலம் முழுவதும் முதல் மணி நேரத்தில் ஓடும் செய்தி அவர் அனுப்பியதாகவே இருக்கும். அவருக்கு யாருடைய பெயரும் எண்ணும் தெரியாவிட்டால், கேட்டுக்கு வெளியே நிற்பவர் சொல்வதை எழுதுவார். அது அவருடைய குற்றம் ஆகாது.

இனி மௌனத்தைப் பற்றி. 2015-ல் நடந்த மேகி நூடுல்ஸ் விவகாரம் இந்தியாவில் இந்தத் துறை படிக்க வேண்டிய பெரிய பாடம். உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த மாதிரியை கொல்கத்தா ஆய்வகம் சோதித்தபோது ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 17.2 பங்கு என்று வந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 2.5. மோனோசோடியம் குளுட்டமேட் இருப்பதாகவும் முடிவு வந்தது. பொட்டலத்திலோ அது சேர்க்கப்படவில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். மே மாதம் முழுவதும் செய்தி மாநிலம் மாநிலமாகப் பரவியது. நெஸ்லே நிறுவனம் தன் தயாரிப்பு பாதுகாப்பானது, தன் சோதனைகளில் எதுவும் தெரியவில்லை என்ற சுருக்கமான அறிக்கைகளோடு நின்றது. ஜூன் 5-ஆம் தேதி உணவுப் பாதுகாப்பு ஆணையம் விற்பனைக்குத் தடை விதித்தது. சுவிட்சர்லாந்திலிருந்து தலைமைச் செயல் அதிகாரி பால் புல்கே டெல்லிக்கு வந்து நிருபர்களைச் சந்தித்ததும் அதே நாளில்தான்.

ஆகஸ்ட் 13-ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சோதித்த ஆய்வகங்களின் அங்கீகாரம் கேள்விக்குரியது, நிறுவனத்தின் வாதத்தைக் கேட்காமல் தடை விதித்தது இயற்கை நீதிக்கு மாறானது என்றது நீதிமன்றம். மறு சோதனைகளில் தேறி நவம்பரில் மேகி கடைகளுக்குத் திரும்பியது. அதற்குள் 30,000 டன்னுக்கு மேல் நூடுல்ஸ் அழிக்கப்பட்டிருந்தது, இந்தியத் தலைமை மாற்றப்பட்டிருந்தது.

சட்டப்படி நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருந்தது என்பதால்தான் இந்தச் சம்பவம் முக்கியம். தவறு செய்தவர் மௌனமாக இருந்து மாட்டிக்கொண்ட கதை எளிமையானது. தன் சோதனையில் நம்பிக்கை இருந்தவர்கள் ஏன் அதை விளக்கவில்லை? அதிகாரிகளோடு தொழில்நுட்பப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, அது முடியட்டும் என்று காத்திருந்தார்கள். ஆனால் மே மாதத்தில் தாய்மார்கள் கேட்டது, "நேற்று இரவு பிள்ளைக்குக் கொடுத்தேனே, அதற்கு என்ன ஆகும்?" என்பது. அதற்கு "எங்கள் ஆய்வில் எல்லாம் வரம்புக்குள் உள்ளது" என்ற வாக்கியம் பதிலாகாது. ஈயம் எங்கிருந்து வரக்கூடும், கோதுமை மாவிலும் மசாலாவிலும் எப்படிச் சோதிக்கிறோம், மாதிரி எடுக்கும் முறையில் என்ன வேறுபாடு, வீட்டில் இருக்கும் பொட்டலத்தை என்ன செய்வது என்று ஒரு விஞ்ஞானி இந்தியிலும் தமிழிலும் பொறுமையாகப் பேசியிருந்தால் தடை வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் பேசுவதற்கு வேறு ஒருவரும் இல்லாத இடத்தைத் தொலைக்காட்சி விவாதங்கள் எடுத்துக்கொண்டிருக்காது. பொட்டலத்தின் மேல் இருந்த வரியும் இதே குறையுடையதுதான். தனியாகச் சேர்க்கவில்லை என்பது சரி, புரதப் பொருள்களில் இயற்கையாகவே இருக்கலாம் என்பதும் சரி. வாங்குகிறவர் அந்த வரியைப் படித்து, உள்ளே அது இல்லை என்று புரிந்துகொள்வார் என்பது எழுதியவருக்குத் தெரியாதா?

அரசுகளும் இதே மௌனத்தில் விழுகின்றன. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. அன்றிரவு அடையாற்றின் கரைகள் மூழ்கின. யார் முடிவெடுத்தார்கள், எச்சரிக்கை எத்தனை மணிக்கு எந்தத் தெருவுக்குப் போனது என்று சென்னை கேட்டது. விரிவான விளக்கம் தலைமைச் செயலாளரின் அறிக்கையாக டிசம்பர் நடுவில்தான் வந்தது. இடைப்பட்ட நாள்களில் மக்கள் தங்களுக்குக் கிடைத்த துணுக்குகளிலிருந்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். நீண்ட அறிக்கையின் புள்ளிவிவரங்கள் அந்த முடிவை அசைக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வும் இங்கேயே நடந்தது. 2023 மார்ச் முதல் வாரத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று காணொலிகள் வட இந்தியாவில் பரவின. சில இந்தி நாளிதழ்களும் அதைச் செய்தியாக்கின, பீகார் சட்டமன்றத்தில் அது எதிரொலித்தது. அப்போது காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சைலேந்திர பாபு காணொலியில் பேசினார். பொய் என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ளவில்லை. ஒரு காட்சி பீகார் தொழிலாளர்களின் இரு பிரிவினருக்கு இடையே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவரிடையே நடந்தது என்று ஒவ்வொன்றும் உண்மையில் என்ன என்பதைச் சொன்னார். மாவட்ட அதிகாரிகள் இந்தியில் பேசினார்கள், உதவி எண்களை அறிவித்தார்கள், தொழிற்சாலைகளுக்குப் போய்த் தொழிலாளர்களைச் சந்தித்தார்கள். பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழு நேரில் பார்த்துத் திரும்பியது. பயம் பீகாரில் இருந்த குடும்பங்களுக்கு. பதிலும் அவர்களுக்குப் புரியும் மொழியில், அவர்கள் கேட்ட அதே காணொலியைப் பற்றிப் போய்ச் சேர்ந்தது. சென்னையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அறிக்கை வெளியிட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்திருந்தால் திருப்பூரின் பனியன் கம்பெனிகள் பல நாள் வெறிச்சோடியிருக்கும்.

விரைவாகப் பேசு என்றால், தெரியாததையும் பேசு என்று பொருள் கொள்பவர்கள் உண்டு. அதன் விலையை 2010-ல் எண்ணெய் நிறுவனமான பிபி கொடுத்தது. ஏப்ரல் 20-ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். கடலில் நாளொன்றுக்குக் கசிவது 1,000 பீப்பாய் என்று முதலில் சொல்லப்பட்டது, பிறகு 5,000 ஆனது. கடைசியில் அரசு விஞ்ஞானிகள் கணித்தது 50,000 பீப்பாய்க்கு மேல். கசிவின் அளவைப் பற்றி முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் தொடுத்த வழக்கை 2012-ல் 52.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது பிபி. ஊடகத்திடம் சொல்லும் எண்ணும் ஆவணம்தான். தலைமை அதிகாரி டோனி ஹேவர்ட், இது முடிந்து தன் பழைய வாழ்க்கை திரும்ப வேண்டும் என்ற பொருளில் கேமரா முன் சொன்ன ஒரு வரி, இறந்த 11 பேரின் குடும்பங்கள் முன்னிலையில் பேசியதைப் போல ஆனது. அவர் களைத்திருந்தார் என்பது புரிகிறது. களைத்த மனிதரை நாள்தோறும் மைக்குகளின் முன் நிறுத்தியது நிறுவனத்தின் பிழை. பேசுவதற்குப் பயின்ற இரண்டு மூன்று பேர் மாறி மாறி வர வேண்டும். அவர்களில் ஒருவராவது பாதிப்பு நடந்த இடத்திலேயே தங்கியிருப்பவராக இருக்க வேண்டும்.

சொன்னது தவறு என்று தெரிந்தால் என்ன செய்வது? 1982-ல் சிகாகோ பகுதியில் டைலெனால் மாத்திரையில் யாரோ சயனைடு கலந்ததால் 7 பேர் இறந்தார்கள். 3 கோடிக்கும் மேற்பட்ட புட்டிகளைத் திரும்பப் பெற்ற ஜான்சன் அண்ட் ஜான்சனின் முடிவைத்தான் எல்லாப் பாடப்புத்தகங்களும் புகழ்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அதில் வரும் சின்ன நிகழ்வு. தங்கள் ஆலைகளில் சயனைடே கிடையாது என்று நிறுவனம் முதலில் நிருபர்களிடம் சொல்லியிருந்தது. தர ஆய்வகத்தில் சிறிதளவு பயன்படுத்தப்படுகிறது என்பது பிறகு தெரியவந்தது. அதைச் சொன்னால் பழி ஆலையின் மேல் திரும்பும் அபாயம் இருந்தது. ஆனாலும் முதலில் சொன்னதைத் திருத்திச் சொன்னார்கள். அன்று அதை மறைத்து, பிறகு ஒரு நிருபர் கண்டுபிடித்திருந்தால், திரும்பப் பெற்ற கோடிக்கணக்கான புட்டிகளும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது.

ஆகவே நெருக்கடியின் முதல் மணி நேரத்தில் சொல்லத்தக்கவை மூன்றே: இப்போது உறுதியாகத் தெரிந்தது, இன்னும் தெரியாதது, அடுத்து எத்தனை மணிக்கு வந்து பேசுவோம் என்பது. சொன்ன மணிக்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் வந்து அதையே சொல்ல வேண்டும். இறந்தவர்களின் பெயரை வீட்டாருக்குச் சொல்லும் முன் தொலைக்காட்சியில் ஸ்க்ரோலிங் ஓடும்படி விடுவது மன்னிக்க முடியாதது. பெயர்களைத் தாமதிப்பதற்கான காரணத்தைச் சொன்னால் பெரும்பாலான நிருபர்கள் ஒத்துழைப்பார்கள். கேமராவை அணைத்த பிறகு சொன்னது "ஆஃப் த ரெக்கார்டு" என்று தானாக ஆகிவிடாது. பேசுவதற்கு முன் இருவரும் ஒப்புக்கொண்டால் மட்டுமே அது செல்லும். வாட்ஸ்அப் குழுவில் போட்டது எதுவும் ரகசியம் கிடையாது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தியாவில் இந்த ஆய்வு முழுமையடையாது. பிரஸ் மீட் முடிந்ததும் கைமாறும் கவர் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பெட்ரோல் செலவுக்கு என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள். பல நிறுவனங்கள் பகுதிநேர நிருபர்களுக்கு வாழத்தக்க ஊதியம் தராததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. இதன் பெரிய வடிவம்தான் பணம் வாங்கிப் போடும் செய்தி. 2009 மகாராஷ்டிரத் தேர்தலின்போது வேட்பாளர்களைப் புகழும் ஒரே கட்டுரை வெவ்வேறு நாளிதழ்களில் வெளிவந்ததை பி. சாய்நாத் தி இந்துவில் அம்பலப்படுத்தினார். இந்தியப் பிரஸ் கவுன்சில் பரஞ்சய் குஹா தாகுர்தா, கே. ஸ்ரீனிவாச ரெட்டி ஆகியோரிடம் விசாரணையை ஒப்படைத்தது. 2010-ல் அவர்கள் பெயர்களோடு எழுதிய நீண்ட அறிக்கையை ஒதுக்கிவிட்டு கவுன்சில் ஒரு சுருக்கத்தை வெளியிட்டது. தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு 2011-ல்தான் முழு அறிக்கை வெளியே வந்தது.

இதில் அறத்தின் குரலைத் தவிர நடைமுறைக் காரணமும் உண்டு. விலைக்கு வாங்கிய செய்தி, தேவைப்படும் நாளில் உதவாது. கவர் வாங்கியவர் அடுத்த மாதம் கூடுதலாகக் கேட்பார், வாங்காத நேர்மையான நிருபர் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார். உண்மையிலேயே நீங்கள் சொல்வது சரியாக இருக்கும் நாளில், அந்த நேர்மையானவர் எழுதினால்தான் ஊர் நம்பும். விளம்பரம் கொடுக்க வேண்டுமானால் விளம்பரம் என்று மேலே போட்டுக் கொடுங்கள். பயணப்படி தர வேண்டுமென்றால் பத்திரிகை அலுவலகத்தின் பெயரில் ரசீதோடு கொடுங்கள்.

செய்தி தவறாக வந்துவிட்டால் வக்கீல் நோட்டீஸை முதல் கருவியாக எடுப்பவர்கள் பழைய வழக்கு ஒன்றைப் படிக்க வேண்டும். கொலை வழக்குக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிட இருந்தபோது, அதில் அதிகாரிகளின் பெயர்கள் இருந்ததால் சிறைத்துறை கடிதம் எழுதித் தடுக்கப் பார்த்தது. ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், வெளியிடுவதற்கு முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. இன்று ஊடகச் சட்டம் படிக்கும் எவரும் அந்த வழக்கைப் படிக்காமல் கடக்க முடியாது. அதிகாரிகள் மறைக்க நினைத்தது நிரந்தரமாகப் பதிவாகிவிட்டது. 2016-ல் தமிழ்நாடு அரசு 5 ஆண்டுகளில் தொடுத்த 213 அவதூறு வழக்குகளின் பட்டியல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அதில் 55 ஊடகங்கள் மீதானவை. விமர்சனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் கண்டித்தது. 2021-ல் ஆட்சி மாறிய பிறகு ஊடகங்கள் மீதான வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த வழக்குகளால் எந்தச் செய்தியும் மாறவில்லை.

பிழையைத் திருத்த எளிய வழி இருக்கிறது. முதலில் எழுதிய நிருபரிடமே பேசுங்கள். அவருக்குத் தெரியாமல் ஆசிரியரிடம் போவது ஒரு சின்னப் பிழையைப் பகையாக்கும். எந்த வரி தவறு, சரியானது எது, அதற்கு ஆவணம் எது என்று மட்டும் எழுதுங்கள். முழுச் செய்தியும் உள்நோக்கம் கொண்டது என்று தொடங்கும் மறுப்பை வெளியிட்டால், கீழே நிருபரின் பதிலும் வரும். குற்றச்சாட்டு இரண்டாம் முறை அச்சாகும். பத்திரிகை அதைக் கேட்காவிட்டால் பிரஸ் கவுன்சில் இருக்கிறது. ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலோடு, நாளிதழ், வார இதழ் என்றால் இரண்டு மாதத்துக்குள்ளும் மற்ற இதழ்கள் என்றால் நான்கு மாதத்துக்குள்ளும் புகார் செய்ய வேண்டும். கவுன்சிலால் தண்டிக்க முடியாது, கண்டிக்க முடியும். தனியார் செய்தித் தொலைக்காட்சிகளுக்கு அவர்களே அமைத்துக்கொண்ட ஒழுங்குமுறை அமைப்பு உண்டு, ஆனால் எல்லாச் சேனல்களும் அதில் உறுப்பினர் கிடையாது. சேனலின் சின்னத்தோடு உலவும் போலி நியூஸ் கார்டுகள் வேறு வகை. அவற்றைப் பார்த்த உடனே அந்தச் சேனலுக்குத் தெரிவித்தால், தன் பெயரைக் காக்க அதுவே மறுக்கும். உங்கள் மறுப்பைவிட அது வேகமாகப் போகும்.

இவ்வளவும் நிறுவனம் வெளியே பேசுவதைப் பற்றியது. இந்தப் பணிக்கு இன்னொரு திசையும் உண்டு, அது எல்லோராலும் புறக்கணிக்கப்படுகிறது. நிருபர்கள் கேட்கும் கேள்விகளை உள்ளே கொண்டுபோக வேண்டியதும் மக்கள் தொடர்பாளரின் வேலை.

போபாலில் யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் ஒரு தொழிலாளி நச்சுவாயுவால் இறந்தார். அவருடைய நண்பரான ராஜ்குமார் கேஸ்வானி என்ற இளம் பத்திரிகையாளர் விசாரிக்கத் தொடங்கினார். 1982 செப்டம்பர், அக்டோபரில் தம் சிறிய வார இதழான 'ரபட்'டில், இந்த ஆலை நகரத்தை அழித்துவிடும் என்று அடுத்தடுத்து எழுதினார். அது ஆதாரமில்லாத பயமுறுத்தலாக இருக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் நிறுவனத்தின் சொந்த அமெரிக்க நிபுணர் குழு போபாலுக்கு வந்து, ஆலையின் பாதுகாப்பில் இருந்த கடுமையான குறைகளைப் பட்டியலிட்டு அறிக்கை கொடுத்திருந்தது. சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தபோது ஆபத்து இல்லை என்று அமைச்சர் பதில் சொன்னார். 1984 ஜூனில் கேஸ்வானி மீண்டும் 'ஜன்சத்தா'வில் எழுதினார். டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது.

சின்ன இதழ், உள்ளூர்க்காரர், நமக்கு எதிரானவர் என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கட்டுரைகளும், உள்ளே அலமாரியில் இருந்த ஆய்வறிக்கையும் ஒரே விஷயத்தைப் பேசின. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்து, மேலதிகாரியின் அறைக்குள் போய், "இவர் கேட்பது நம் ஆட்களே எழுதியதுதானே?" என்று கேட்கும் அதிகாரமும் துணிச்சலும் உள்ள ஒருவர் அந்த நிறுவனத்தில் தேவைப்பட்டார். எந்த ஆலையிலும், மருத்துவமனையிலும், அரசுத் துறையிலும் மக்கள் தொடர்பு அலுவலரை நியமிக்கும்போது அவருக்குக் கொடுக்க வேண்டிய முதல் வசதி கேமரா இல்லை, விளம்பர நிதியும் இல்லை. பாதுகாப்புக் கூட்டத்தில் ஒரு நாற்காலி, ஆய்வறிக்கைகளைப் படிக்கும் உரிமை, அந்த வாரம் நிருபர்கள் கேட்ட கேள்விகளை அங்கே வாசிக்கும் பொறுப்பு.